புற்றுக்கட்டியில் எந்த மரபணுவைக் குறிவைப்பது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

கட்டியில் இருக்க வேண்டும், இயல்பான திசுவில் இருக்கக் கூடாது. உடலின் நோயெதிர்ப்பைக் கொண்டே கட்டியைத் தாக்கும் புற்றுநோய் இம்யூனோதெரபிக்குள் வரும் மாணவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடுதான் இலக்கு தேடத் தொடங்குகிறார்கள். தரவுத்தளத்தைத் திறந்ததும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் வந்து விழுகின்றன. திண்டாட்டம் அதற்கப்புறம்தான். மேஜ்-ஏ4 எடுப்பதா, என்ஒய்-ஈஸோ-1 எடுப்பதா? ஆளுக்கு ஆள் மாறும் மரபணுப் பிறழ்வுகளைத் தேடிப் போவதா? இல்லை, எல்லோருக்கும் தெரிந்த ஹெர்2 போதுமா? ஆய்வு மாணவர்களும் இளம் மருத்துவர்களும் இதையே வெவ்வேறு வார்த்தைகளில் கேட்பதால், வழிகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம்.

என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். "இயல்பான திசுவில் அரிது" என்ற தகுதியை மரபணுவை மட்டும் பார்த்துக் கொடுக்க முடியாது. எந்தத் திசுவில் அரிது, எந்த ஆயுதத்தால் தாக்கப் போகிறோம், யாருடைய உடம்பில் தாக்கப் போகிறோம் என்ற மூன்றும் தெரியாமல் எந்த மரபணுவையும் பாதுகாப்பானது என்று சொல்லக் கூடாது. இந்தத் துறையில் நடந்த மரணங்களைப் படித்தால் இது புரியும்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், இயல்பான திசுக்களில் மிச்சமிருக்கும் வெளிப்பாடு (அந்த மரபணு இயங்குவது) எங்கே இருக்கிறது என்பது. எத்தனை திசுக்களில் இருக்கிறது என்ற எண்ணிக்கையை விட இது முக்கியம். விந்தகம், ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்கள், தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட்டுகள் ஆகியவற்றை இழந்தும் ஒருவர் வாழலாம். மூளை, இதயம், நுரையீரல் என்றால் துளி வெளிப்பாடும் கவலைக்குரியது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இயல்பான திசுக்களின் மரபணு வெளிப்பாட்டைத் தொகுத்து வைத்திருக்கும் ஜிடெக்ஸ் போன்ற பெரிய தரவுத்தளங்கள் திசுவை மொத்தமாக அரைத்து எடுத்த ஆர்என்ஏ அளவைத் தருகின்றன. அது சராசரி. தெருவின் சராசரி வருமானத்தைப் பார்த்து அங்கே கோடீஸ்வரர் யாரும் இல்லை என்று முடிவுகட்டுவதைப் போன்றதுதான் அதை மட்டும் நம்புவது. பி செல்லுக்கே உரியது என்று எல்லோரும் நம்பிய சிடி19, மூளை இரத்தக் குழாய்களைச் சுற்றியுள்ள செல்களிலும் இருப்பதை 2020ல் ஒற்றைச் செல் ஆர்என்ஏ ஆய்வு காட்டியது. மொத்தத் திசு அளவீட்டில் அது தெரிவது கடினம், ஏனென்றால் அந்தச் செல்களின் பங்கு மிகச் சிறியது.

இரண்டாவது, கட்டிக்குள் பரவல். நூறு நோயாளிகளில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. ஒருவரின் கட்டியில் எத்தனை செல்களில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. கட்டுரைகளின் சுருக்கத்தில் முதல் எண்தான் பெரிதாக வரும். சிகிச்சை தோற்பது பெரும்பாலும் இரண்டாவதால்.

மூன்றாவது, அந்த மரபணு கட்டிக்குத் தேவையா? தேவையில்லாத ஒன்றைக் கட்டி சுலபமாகக் கைவிட்டுவிடும். நான்காவது, நம் நோயெதிர்ப்பு மண்டலம் அதை ஏற்கெனவே "நம்மவர்" என்று கற்றுக்கொண்டுவிட்டதா? தைமஸ் சுரப்பியில் ஏர் என்ற புரதம், உடலின் மற்ற உறுப்புகளுக்கு உரிய மரபணுக்களையும் அங்கே கொஞ்சம் வெளிப்பட வைக்கிறது. அவற்றை வலுவாகப் பிடிக்கும் டி செல்கள் (நோயுற்ற செல்லைத் தேடித் தாக்கும் வெள்ளணுக்கள்) அங்கேயே களையெடுக்கப்படும். மிச்சமிருப்பவை பலவீனமாகப் பிடிப்பவை.

ஐந்தாவது ஆயுதம். கார்-டி செல்லும் (செயற்கை ஏற்பி பொருத்திய டி செல்) சாதாரண ஆன்டிபாடியும் செல்லின் மேற்பரப்பில் இருப்பதை மட்டுமே பார்க்கும். உள்ளே இருக்கும் புரதத்தைத் தாக்க டி செல் ஏற்பி, அதாவது டிசிஆர் வேண்டும். அதுவோ புரதத்தின் ஒரு துண்டை, செல்லின் மேற்பரப்பில் உள்ள எச்எல்ஏ என்ற மூலக்கூறு தூக்கிக் காட்டினால்தான் பார்க்கும். எச்எல்ஏ ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால், உள்ளிருக்கும் இலக்கைத் தேர்ந்தெடுத்த கணமே நோயாளிகளில் ஒரு பகுதியை வெளியே நிறுத்திவிடுகிறோம்.

ஆறாவது பணமும் காலமும். அதை ஒவ்வொரு வழியிலும் பார்த்துக்கொள்ளலாம்.

## ஒரே பார்வையில்

| | விந்தகப் புற்று மரபணுக்கள் | பிறழ்வால் வரும் இலக்குகள் | திசு அடையாள மரபணுக்கள் | அளவு மிஞ்சியவை |
|---|---|---|---|---|
| உதாரணம் | மேஜ்-ஏ4, என்ஒய்-ஈஸோ-1, பிரேம் | கேராஸ் ஜி12டி, ஆளுக்கேற்ற பிறழ்வுகள் | சிடி19, ஜிபி100, மார்ட்-1 | ஹெர்2, சிஇஏ |
| இயல்பான திசுவில் | விந்தகம், சிலவற்றில் மூளை | இல்லை | ஒரு குறிப்பிட்ட செல் வகை முழுவதும் | பல உறுப்புகளில், குறைந்த அளவில் |
| எத்தனை நோயாளிகளுக்குப் பொது | ஓரளவு | பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் | அந்தப் புற்று வகையில் பெரும்பாலோர் | கணிசமானோர் |
| எச்எல்ஏ தடை | உண்டு | உண்டு | மேற்பரப்பு என்றால் இல்லை | மேற்பரப்பு என்றால் இல்லை |
| மறைந்திருக்கும் செலவு | குறுக்கு அடையாளம், சீரற்ற வெளிப்பாடு | தயாரிக்க ஆகும் காலம் | அந்தச் செல் வகையை முழுவதும் இழப்பது | குறைந்த அளவு வெளிப்பாடும் உயிரைப் பறிக்கலாம் |

அட்டவணை ஒரு தொடக்கம்தான். அதில் ஒரு சொல்லாக நிற்கும் "குறுக்கு அடையாளம்" (டிசிஆர் தன் இலக்கைப் போன்ற வேறொரு புரதத்தையும் பிடித்துவிடுவது) என்பதன் பின்னால் நான்கு உயிர்கள் இருக்கின்றன.

## விந்தகப் புற்று மரபணுக்கள்

தொடக்கத்தில் சொன்ன அந்த ஒரு வரிக்கு மிக நெருக்கமாகப் பொருந்துபவை இவைதான். 1991ல் பிரஸ்ஸல்ஸ் லுட்விக் நிறுவனத்தில் தியரி பூனின் குழு, மெலனோமா (மெலனோசைட்டில் தோன்றும் புற்று) நோயாளி ஒருவரின் டி செல்கள் எதைப் பார்த்து அவருடைய கட்டியைத் தாக்குகின்றன என்று தேடிப்போய் மேஜ் குடும்பத்தின் முதல் மரபணுவைப் பிடித்தது. 1997ல் நியூயார்க்கில் லாயிட் ஓல்டும் யாவ்-செங் சென்னும் உணவுக்குழாய்ப் புற்றிலிருந்து என்ஒய்-ஈஸோ-1ஐக் கண்டார்கள். அதற்கு உதவிய முறையை 1995ல் ஜெர்மனியில் உருவாக்கிய குழுவில் உகுர் சாகினும் ஓஸ்லெம் டுரெச்சியும் இருந்தார்கள். கொரோனா தடுப்பூசியால் பின்னாளில் உலகம் அறிந்த அதே இருவர்.

ஏன் விந்தகம்? விந்தணுவாக மாறும் செல்களில் மட்டும் திறந்திருக்கும் இந்த மரபணுக்கள், மற்ற செல்களில் டிஎன்ஏ மீது ஏறிய மெத்தில் குழுக்களால் பூட்டப்பட்டிருக்கின்றன. புற்றுநோயில் அந்தப் பூட்டு பல இடங்களில் கழன்றுவிடுகிறது. மெத்தில் குழுக்களைக் குறைக்கும் டெசிட்டபைன் மருந்து கொடுத்தால் இவை இன்னும் கூடுதலாக வெளிப்படும். இவற்றில் ஏறத்தாழ பாதி எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன.

அதைவிட அழகான விஷயம் ஒன்று உண்டு. விந்தகத்தின் இனச்செல்கள் எச்எல்ஏ மூலக்கூறுகளைக் காட்டுவதில்லை. அதனால் புரதம் அங்கே இருந்தாலும் டி செல்லின் கண்ணில் படாது. டிசிஆர் ஆயுதத்துக்கு விந்தகம் இல்லாததற்குச் சமம். காகிதத்தில் இதைவிட நல்ல இலக்கு கிடையாது.

காகிதத்திலிருந்து இறங்கினால் கதை மாறுகிறது. இந்தப் பெயரில் பட்டியலிடப்பட்ட மரபணுக்கள் 200க்கும் மேல். 2008ல் அவற்றில் 153ஐ ஒரு குழு அலசியபோது, விந்தகத்தோடு நின்றவை 39 மட்டுமே. 14 மரபணுக்கள் விந்தகத்திலும் மூளையிலும் இருந்தன. 85 மரபணுக்களுக்கு விந்தகம் பிடித்த இடம், ஆனால் ஒரே இடம் அல்ல. எனவே பட்டியலில் பெயர் இருக்கிறது என்பது எதற்கும் உத்தரவாதமாகாது.

முதல் பெரிய சோதனை தடுப்பூசி வழியில் வந்தது. மேஜ்-ஏ3 புரதத்தைக் கொண்டு கிளாக்ஸோஸ்மித்க்லைன் செய்த தடுப்பூசியை, நுரையீரல் புற்றுக்கு அறுவை செய்துகொண்ட 2,272 பேரிடம் சோதித்தார்கள். பரிசோதிக்கப்பட்ட கட்டிகளில் மூன்றில் ஒன்றில் மேஜ்-ஏ3 இருந்தது, எனவே நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. நோய் திரும்பாமல் இருந்த இடைநிலைக் காலம் தடுப்பூசி போட்டவர்களிடம் 60.5 மாதம், போலி ஊசி போட்டவர்களிடம் 57.9 மாதம். புள்ளியியல்படி வித்தியாசமே இல்லை. மெலனோமாவிலும் அதே கதை. பலர் இதைப் பார்த்து மேஜ்-ஏ3 மோசமான இலக்கு என்று முடிவு செய்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புரதத் தடுப்பூசி ஆன்டிபாடியைத் தாராளமாக உண்டாக்கும். உள்ளிருக்கும் இலக்கைக் கொல்லத் தேவையானது வலுவான கொலையாளி டி செல். ஆயுதம் பொருந்தவில்லை.

டி செல்லை நேரடியாகக் கொடுத்தபோது இலக்கு எவ்வளவு வலியது என்று தெரிந்தது, கூடவே ஆபத்தும். 2013ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பெர்க்கின் குழு, மேஜ்-ஏ3ஐப் பிடிக்கும் டிசிஆர் பொருத்திய செல்களை 9 பேருக்குக் கொடுத்தது. 5 பேருக்குக் கட்டி சுருங்கியது. 3 பேருக்கு மனநிலைக் குழப்பம் வந்தது, அவர்களில் 2 பேர் கோமாவில் விழுந்து இறந்தார்கள். அந்த டிசிஆர் மேஜ்-ஏ3ஐ மட்டுமல்லாமல் அதன் உறவான மேஜ்-ஏ12ஐயும் பிடித்தது. மேஜ்-ஏ12 மூளையில் கொஞ்சம் இருப்பது அதன் பிறகுதான் தெரியவந்தது.

அதே ஆண்டு வெளியான இன்னொரு அறிக்கை இன்னும் அதிர்ச்சி தந்தது. வேறொரு எச்எல்ஏ வகைக்காக, பிடிமானத்தைச் செயற்கையாகக் கூட்டிய மேஜ்-ஏ3 டிசிஆரைப் பெற்ற முதல் இருவரும் சில நாட்களில் இதயம் பாதிக்கப்பட்டு இறந்தார்கள். இதயத்தில் மேஜ்-ஏ3 இல்லவே இல்லை. அந்த டிசிஆர் பிடித்தது டைட்டின் என்ற தசைப் புரதத்தின் ஒரு துண்டை. மேஜுக்கும் டைட்டினுக்கும் எந்த உறவும் கிடையாது, ஒரு குட்டித் துண்டு ஒன்றுபோல இருந்தது, அவ்வளவுதான். வழக்கமான வளர்ப்புச் செல்களில் சோதித்தபோது இது தெரியவில்லை. ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த, உண்மையிலேயே துடிக்கும் இதயச் செல்களில் சோதித்தபோதுதான் சிக்கியது. மரபணு வெளிப்பாட்டுத் தரவை எத்தனை முறை புரட்டினாலும் இந்த ஆபத்து தெரிந்திருக்காது.

என்ஒய்-ஈஸோ-1க்கு இந்த அளவு துயர வரலாறு இல்லை. 2011ல் அதே ரோசன்பெர்க் குழு வெளியிட்ட முடிவில், சைனோவியல் சார்கோமா என்ற அரிய மென்திசுப் புற்று வந்த நோயாளிகள் 6 பேரில் 4 பேருக்கும் மெலனோமா நோயாளிகள் 11 பேரில் 5 பேருக்கும் கட்டி சுருங்கியது. அதுவும் பிடிமானம் கூட்டிய டிசிஆர்தான். ஆகவே கூட்டுவதே குற்றம் என்று சொல்ல முடியாது. கூட்டினால் சோதனையையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும்.

2024 ஆகஸ்டில் மேஜ்-ஏ4ஐக் குறிவைக்கும் அஃபாமி-செல் அமெரிக்காவில் துரித அனுமதி பெற்றது. திடக்கட்டிக்கு வந்த முதல் டிசிஆர் செல் சிகிச்சை அது. சைனோவியல் சார்கோமா நோயாளிகள் 44 பேரில் 43.2 விழுக்காட்டினருக்குப் பலன் கிடைத்தது. 1991லிருந்து கணக்குப் போட்டால் 33 ஆண்டுகள். பட்டியல் விலை 7,27,000 டாலர். ஓராண்டுக்குள் அதை உருவாக்கிய நிறுவனம் இந்தச் சிகிச்சையை வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. நோயும் அரிது, எச்எல்ஏ பொருந்த வேண்டும், கட்டியில் மேஜ்-ஏ4 இருக்க வேண்டும். மூன்று சல்லடையிலும் சலித்த பிறகு எஞ்சும் நோயாளிகள் எத்தனை பேர்? அறிவியல் வென்ற இடத்தில் வியாபாரம் தடுமாறுவது இந்த வழியின் நிரந்தரத் தலைவலி.

பிரேமைப் பற்றி ஒரு வார்த்தை. இது எக்ஸில் இல்லை, 22ஆம் குரோமோசோமில் இருக்கிறது. விந்தகம் தவிரக் கருப்பை உள்சுவர், அட்ரீனல் போன்ற இடங்களிலும் கொஞ்சம் தெரியும், எனவே சுத்தமான விந்தக மரபணு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மெலனோமாவில் மற்றவற்றை விடப் பரவலாகவும் சீராகவும் இருக்கிறது. பரவலா, தூய்மையா என்று கேட்டால், மிச்ச வெளிப்பாடு உயிர் உறுப்பில் இல்லாதவரை நான் பரவல் பக்கம் சாய்வேன்.

## பிறழ்வால் பிறக்கும் இலக்குகள்

தூய்மையில் இவற்றை மிஞ்ச ஆளில்லை. கட்டியில் மட்டும் நிகழ்ந்த பிறழ்வு இயல்பான திசுவில் எப்படி இருக்கும்? தைமஸும் அதைப் பார்த்ததில்லை, எனவே வலுவான டி செல்கள் களையெடுக்கப்படாமல் காத்திருக்கும்.

விலை வேறிடத்தில் இருக்கிறது. பெரும்பாலான பிறழ்வுகள் அந்த ஒரு நோயாளிக்கே உரியவை. கட்டியின் டிஎன்ஏவை வரிசைப்படுத்த வேண்டும், எந்தத் துண்டை எச்எல்ஏ காட்டும் என்று கணிக்க வேண்டும், அப்புறம் அந்த ஒருவருக்காகத் தடுப்பூசி தயாரிக்க வேண்டும். மாடர்னாவும் மெர்க்கும் சேர்ந்து செய்த எம்ஆர்என்ஏ தடுப்பூசியில் ஒருவருக்கு 34 பிறழ்வுகள் வரை அடைத்தார்கள். மெலனோமா அறுவைக்குப் பின் 157 பேரிடம் நடந்த சோதனையில், நோய் திரும்புவது அல்லது இறப்பு 44 விழுக்காடு குறைந்தது. கணையப் புற்றில் பயோஎன்டெக்கின் தடுப்பூசி போட்ட 16 பேரில் 8 பேருக்கு டி செல் எதிர்வினை எழுந்தது. பிறழ்வு குறைவான கணையப் புற்றில் இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. கவனியுங்கள், இரண்டிலும் கட்டியை அறுத்து எடுத்த பிறகே தடுப்பூசி. தயாரிக்க ஆகும் வாரங்களுக்குக் காத்திருக்க உடம்பில் பெரிய கட்டி இல்லை. வேகமாக வளரும் நோயில் அந்தக் காத்திருப்புதான் கண்ணுக்குத் தெரியாத செலவு.

பலருக்குப் பொதுவான பிறழ்வுகளும் உண்டு. கேராஸ் மரபணுவில் வரும் ஜி12டி பிறழ்வு அதில் தலையாயது. கட்டி அதை நம்பியே வளர்வதால் சுலபமாகக் கைவிடாது என்பது பெரிய பலம். 2016ல் வெளியான ஒரு நோயாளியின் கதையை இங்கே சொல்ல வேண்டும். ஜி12டியைப் பிடிக்கும் டி செல்களைக் கொடுத்ததும் அவருடைய நுரையீரலில் இருந்த 7 கட்டிகளும் சுருங்கின. 9 மாதம் கழித்து ஒன்று மட்டும் திரும்ப வளர்ந்தது. அந்தக் கட்டி கேராஸைக் கைவிடவில்லை. அதைத் தூக்கிக் காட்டிய எச்எல்ஏ-சி*08:02 என்ற எச்எல்ஏ வகையைக் கைவிட்டிருந்தது! மூன்றாவது அளவுகோலில் முழு மதிப்பெண் வாங்கும் இலக்கும் ஐந்தாவதில் தோற்கலாம்.

## திசு அடையாள மரபணுக்கள்

கட்டி எந்தச் செல்லிலிருந்து பிறந்ததோ அந்தச் செல்லின் அடையாளத்தையே குறிவைப்பது இந்த வழி. "இயல்பான திசுவில் அரிது" என்ற நிபந்தனையை இது வெளிப்படையாகவே மீறுகிறது. ஆனாலும் நடைமுறையில் மிக அதிகமான நோயாளிகளுக்கு உதவியது இதுதான், கொஞ்சம் சங்கடமான உண்மை. பி செல் புற்றுக்குக் கொடுக்கும் சிடி19 கார்-டி நல்ல பி செல்களையும் சேர்த்தே அழிக்கும். அவை தயாரிக்கும் ஆன்டிபாடியை, அதாவது இம்யூனோகுளோபுலினை, வெளியிலிருந்து கொடுத்துச் சமாளிக்கலாம், இழக்கக்கூடிய திசு என்பதால் நடக்கிறது. ஐஐடி மும்பையும் டாடா நினைவு மையமும் வளர்த்தெடுத்த நெக்ஸ்கார்19 என்ற சிடி19 கார்-டி இந்தியாவில் 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. சுமார் 40 லட்சம் ரூபாய் என்பது அமெரிக்க விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, நம் குடும்பங்களின் வருமானத்தோடு ஒப்பிட்டால் அப்படியல்ல.

மெலனோமாவில், மெலனோசைட்டின் அடையாளங்களான மார்ட்-1, ஜிபி100 இரண்டையும் டிசிஆர் செல்களால் தாக்கியபோது (2009) மெலனோசைட் இருக்கும் இடமெல்லாம் அடி விழுந்தது: தோல், கண், உட்செவி. பிறகு அதே ஜிபி100ஐச் செல் இல்லாமல், கரையும் டிசிஆர் மருந்தான டெபென்டாஃபஸ்ப் கொண்டு தாக்கியபோது, கண் மெலனோமாவில் ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் பங்கு 59லிருந்து 73 விழுக்காடாக உயர்ந்தது. 2022 ஜனவரியில் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது. தோல் எரிச்சலும் காய்ச்சலும் வருகின்றன, ஆனால் மருந்தை நிறுத்தலாம், அளவைக் குறைக்கலாம். உடம்புக்குள் பெருகிவிட்ட செல்லை அப்படி நிறுத்த முடியாது. இலக்கு ஒன்றே, ஆயுதம் மாறியதும் கணக்கு மாறியது.

## அளவு மிஞ்சியவை

கட்டியில் நிறைய, மற்ற இடங்களில் கொஞ்சம். ஹெர்2 இதன் நட்சத்திரம். 1998ல் வந்த டிராஸ்டுசுமாப் ஆன்டிபாடி மார்பகப் புற்றுச் சிகிச்சையையே மாற்றியது. அதே ஹெர்2ஐக் கார்-டி செல்லால் தாக்கிய கதை 2010ல் வெளியானது. குடல் புற்று பரவிய ஒரு நோயாளிக்கு ஆயிரம் கோடி செல்கள் ஏற்றப்பட்டன. 15 நிமிடத்துக்குள் மூச்சுத் திணறல். ஐந்தாம் நாள் மரணம். நுரையீரல் செல்களில் இருந்த மிகக் குறைந்த ஹெர்2 போதுமானதாக இருந்தது. இயல்பான குடல் செல்களிலும் கொஞ்சம் இருக்கும் சிஇஏ என்ற புரதத்தைக் குறிவைத்த டிசிஆர் செல்களைப் பெற்ற மூவருக்கும் கடுமையான குடல் அழற்சி வந்தது.

ஆன்டிபாடிக்கு ஓரளவு அடர்த்தி வேண்டும், டி செல்லுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய மூலக்கூறுகள் போதும். எனவே இந்த வகைக்கு ஆன்டிபாடியோடு நின்றுகொள்ளுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. ஆன்டிபாடியிலும் விலையில்லாமல் இல்லை. டிராஸ்டுசுமாபுக்கு இதயத்தைக் கண்காணிக்க வேண்டும்.

## பட்டியலுக்கு வெளியே இரண்டு

கருவில் மட்டும் வெளிப்பட்டுப் பிறகு அடங்கும் கிளாடின்-6 போன்றவை மேற்பரப்பில் இருப்பதால் எச்எல்ஏ தொல்லை இல்லாமல் கார்-டியால் தாக்கலாம். விந்தகக் கட்டிகளிலும் சினையகப் புற்றிலும் முயல்கிறார்கள். எனக்குப் பிடித்த வகை, ஆனால் இப்படிப்பட்ட மரபணுக்கள் குறைவு.

இன்னொன்று வைரஸ் மரபணுக்கள். கருப்பை வாய்ப் புற்றில் ஹெச்பிவி என்ற வைரஸின் ஈ6, ஈ7 புரதங்கள் மனித மரபணுவே அல்ல, கட்டிக்கு உயிர்நாடியும்கூட. ஈ7ஐப் பிடிக்கும் டிசிஆர் செல்களைப் பெற்ற 12 பேரில் 6 பேருக்குப் பலன் கிடைத்ததாக 2021ல் செய்தி வந்தது. கருப்பை வாய்ப் புற்று இவ்வளவு அதிகமுள்ள நாட்டில் ஆய்வு தொடங்குபவர்கள் மேஜ் பக்கம் போகுமுன் இதை ஒரு தடவை யோசிக்கலாம்.

## யாருடைய எச்எல்ஏ?

மேலே சொன்ன டிசிஆர் சிகிச்சைகளில் பெரும்பாலானவை எச்எல்ஏ-ஏ*02:01 என்ற எச்எல்ஏ வகைக்காகச் செய்யப்பட்டவை. ஐரோப்பிய வம்சாவளியினரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் அது இருக்கிறது. இந்தியாவில் ஏ2 குடும்பம் பல கிளைகளாகச் சிதறிக் கிடக்கிறது, அதில் ஏ*02:11 முக்கியமானது. அஃபாமி-செல்லுக்குத் தகுதியான ஏ2 வகைகள் 02:01, 02:02, 02:03, 02:06. பட்டியலில் 02:11 இல்லை. 02:05 இருந்தால் கொடுக்கவே கூடாது. ஆக "நோயாளிக்கு ஏ2 பாசிட்டிவ்" என்ற பழைய பாணி அறிக்கை இங்கே எதற்கும் உதவாது, துல்லியமான வகைப்பாடு வேண்டும்.

மறுபக்கம், நம் மக்களிடம் ஏ*11:01, ஏ*24:02, ஏ*33:03 பரவலாக இருக்கின்றன. கேராஸ் ஜி12டி, ஜி12வி பிறழ்வுகளின் துண்டுகளை ஏ*11:01 காட்டும். சென்னையிலோ வேலூரிலோ அமர்ந்து திட்டம் போடுபவருக்கு ஏ*02:01 இலக்கை நகலெடுப்பதைவிட, ஏ*11:01இல் தொடங்கிப் பின்னோக்கி மரபணுவைத் தேடுவது புத்திசாலித்தனம்.

## சரி, யாருக்கு எது?

சார்கோமா, அதிலும் சைனோவியல் அல்லது மிக்ஸாய்டு லிப்போசார்கோமா என்றால் தயங்காமல் விந்தகப் புற்று மரபணுக்கள். பிறழ்வு குறைவு, மேஜ்-ஏ4, என்ஒய்-ஈஸோ-1 வெளிப்பாடு அதிகம். வேறு எந்தப் புற்றிலும் இந்தச் சேர்க்கை இவ்வளவு சாதகமாக அமைவதில்லை.

மெலனோமா, புகைப்பவர்களின் நுரையீரல் புற்று போலப் பிறழ்வுகள் குவிந்த நோய், அறுவையில் கட்டி எடுக்கப்பட்டுவிட்டது, வரிசைப்படுத்தும் வசதியும் இருக்கிறது என்றால் பிறழ்வு இலக்குகள். இரத்தப் புற்று என்றால் திசு அடையாளம். கட்டி பிறந்த திசு இழக்க முடியாதது, பிறழ்வும் குறைவு, விந்தக மரபணுக்களும் திட்டுத் திட்டாக இருக்கின்றன என்றால் ஒரே இலக்கைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், இரண்டு இலக்குகளைச் சேர்த்துத் தாக்கும் திட்டத்தை யோசியுங்கள். சிறிய ஆய்வகம், குறைந்த பணம், மூன்று நான்கு ஆண்டில் முடிக்க வேண்டிய பிஎச்.டி. என்றால் புதிய மரபணு தேடிப் போகாதீர்கள். தெரிந்த மரபணுவுக்கு, இதுவரை யாரும் கவனிக்காத எச்எல்ஏ வகையில் துண்டு தேடுங்கள்.

மரபணுவைத் தேர்ந்த பிறகு செலவழிக்கும் வரிசையும் முக்கியம். மலிவானது முதலில்: மொத்தத் திசு தரவு, அடுத்து ஒற்றைச் செல் தரவு. பிறகு அந்த மரபணுவின் உறவுகள் எவை, அவை மூளையில் இருக்கின்றனவா என்ற தேடல். மேஜ்-ஏ12 கற்றுத் தந்த பாடம் இந்தப் படியில்தான் உதவும். அதன் பின் கட்டித் துண்டுகளில் புரதச் சாயம், ஆனால் மேஜ் குடும்பத்தில் ஒன்றுக்கான ஆன்டிபாடி இன்னொன்றையும் பிடிக்கும், எந்தக் குளோன் என்று பாருங்கள். துண்டு உண்மையிலேயே எச்எல்ஏ மீது இருக்கிறதா என்பதை, மூலக்கூறுகளை எடையால் அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் உறுதி செய்யாமல் டிசிஆர் செய்யத் தொடங்காதீர்கள், கணினிக் கணிப்பு பாதி நேரம் ஏமாற்றும். டிசிஆர் கைக்கு வந்ததும் துண்டின் ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் மாற்றிப் பார்த்து, அது வேறு எந்த மனிதப் புரதத்தைப் பிடிக்கக்கூடும் என்று தேடுங்கள். துடிக்கும் இதயச் செல் சோதனையைக் கடைசியில் பணம் மிஞ்சினால் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நோயாளியின் குடும்பத்தினர் யாராவது இதுவரை படித்திருந்தால், அறுவையில் எடுத்த கட்டியின் பாரஃபின் பிளாக்கை (மெழுகில் பதித்து வைத்த கட்டித் துண்டு) பத்திரமாக வைக்கச் சொல்லி மருத்துவமனையில் எழுதிக் கொடுங்கள். இங்கே சொன்ன எந்த வழிக்குத் தகுதி பார்ப்பதற்கும் முதலில் கேட்கப்படுவது அதுதான். இரண்டாவதாகக் கேட்கப்படுவது எச்எல்ஏ வகைப்பாடு. அதற்கு ஒரு குழாய் இரத்தம் போதும்.